வறண்ட நிலத்தில் நிலைத்து நின்றவர்

வில்லியம் பெஞ்சமின் சாஃபியின் வாழ்வும் உலர்பழ ஐக்கிய சங்கத்தின் வரலாறும்

பொங்கற் பானையில் இடும் முந்திரிகை வற்றலை நாம் அற்பப் பொருளாகவே கருதுகிறோம். கடையிற் சிறு பொதியாக அதனை வாங்குகிறோம். அது எந்த நிலத்தில் விளைந்தது, யார் உலர்த்தினர், யார் தரம் பிரித்தனர், விலையை வகுத்தவர் யாவர் என்று நாம் வினவுவதில்லை. ஆயினும், அச்சிறு பழத்தின் பின்னே ஆற்றுநீரை மேட்டுநிலத்துக்கு ஏற்றியவர்களின் துணிவும், வீழ்ந்தவர்களின் துயரும், ஒன்றுபட்டு எழுந்தவர்களின் உறுதியும் அடங்கியுள்ளன. அவுஸ்திரேலிய நாட்டில் மரே ஆற்றங்கரையிலுள்ள மில்டூரா என்னும் ஊரின் வரலாறு இதற்கு நல்லதோர் சான்று. அவ்வூரின் தந்தையெனப் போற்றப்படும் வில்லியம் பெஞ்சமின் சாஃபியின் வாழ்வை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவனங்கள் விழாக் கொண்டாடும் வேளைகளில் அவற்றைத் தொடக்கியவர்களை நினைவுகூர்தல் மரபு. தொடக்கியவர்கள் இருவகையினர். கனவு கண்டு, கால்கோளிட்டு, அடுத்த கனவை நாடிச் செல்வோர் ஒருவகையினர். தொடக்கிய காரியம் இடிந்து வீழ்ந்த பின்னும் அவ்விடம் விட்டகலாது, இடிபாட்டிலிருந்து மீண்டும் கட்டுவோர் மற்றொருவகையினர். சாஃபி குடும்பத்திற் பிறந்த உடன்பிறந்தார் இருவர் இவ்விரு வகைக்கும் எடுத்துக்காட்டாக வாழ்ந்தனர். மூத்தவர் ஜோர்ஜ் முதல்வகை. இளையவர் வில்லியம் இரண்டாம்வகை.

பிறப்பும் இளமையும்

வில்லியம் பெஞ்சமின் சாஃபி கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே, சென் லோறன்ஸ் ஆற்றங்கரையிலுள்ள புறொக்வில் என்னும் ஊரில் 1856ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 21ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கப்பல் கட்டுந் தொழிலில் ஈடுபட்டவர். தமையனார் ஜோர்ஜ் 1848இற் பிறந்தவர்; இளமையிலேயே இயந்திரங்களின் இயல்பைக் கற்றுத் தேர்ந்து, ஏரிகளில் ஓடும் நீராவிக் கப்பல்களை அமைக்கும் பொறியியலாளராகப் பெயர் பெற்றார். வில்லியத்தின் நாட்டமோ மண்ணிலும் மரத்திலும் சென்றது. அண்ணனுக்கு இயந்திரம், தம்பிக்குத் தோட்டம் என்று இயற்கையே அவர்களுக்குத் தொழில் வகுத்துக் கொடுத்தது போலும்!

1870ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிற் சாஃபி குடும்பத்தினர் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள றிவர்சைட் என்னும் குடியேற்றத்திற் சென்று தங்கினர். மழை குறைந்த அந்நிலத்திலே மலையருவி நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து தோடையும் முந்திரிகையும் பயிரிட்டு மக்கள் வளம்பெற்று வந்தனர். வில்லியம் அங்கே பழச் செய்கையின் நுட்பங்களைக் கண்ணாற் கண்டும் கையாற் செய்தும் பயின்றார். 1880இல் அங்கு வந்த ஜோர்ஜ், நீர் இருந்தால் எந்தப் பாலையையும் சோலையாக்கலாம் என்ற துணிபைப் பெற்றார்.

கலிபோர்ணியாவிற் கற்ற பாடம்

உடன்பிறந்தார் இருவரும் கூட்டுச் சேர்ந்து முதலில் எற்றிவண்டா என்ற குடியேற்றத்தையும், அதன்பின் 1882இல், தம் பிறந்த மாகாணத்தின் பெயராலேயே ஒன்ராறியோ என்ற குடியேற்றத்தையும் நிறுவினர். இவற்றில் அவர்கள் கையாண்ட நீர்ப் பங்கீட்டு முறை குறிப்பிடத்தக்கது. பிற இடங்களில் நீருரிமையை ஒரு வணிகக் கழகம் தன் கையில் வைத்துக்கொண்டு, கமக்காரரிடம் விலை கூறி விற்பது வழக்கம். நிலம் ஒருவனுக்கும் நீர் வேறொருவனுக்கும் உரித்தாயிருந்தால், நிலமுடையவன் நீருடையவனுக்கு அடிமையாவான். இதனை உணர்ந்த சாஃபி சகோதரர், நீர்க் கழகத்தின் பங்குகளை நிலத்தோடு பிணைத்து வைத்தனர். நிலம் வாங்குவோன் அதன் பரப்புக்கு ஏற்ற நீர்ப் பங்கையும் பெற்றான். நிலம் கைமாறுங்கால் பங்கும் உடன் மாறியது. இவ்வாறு கமக்காரர் அனைவரும் தாம் பருகும் நீரின் உடைமையாளராயினர். இது கூட்டுறவு நெறியின் ஒரு வித்து ஆகும்.

அவர்கள் கல்வியையும் மறந்தாரல்லர். 1883இல் ஒன்ராறியோவிலே விவசாயக் கல்லூரியொன்றுக்கு அடிக்கல் நாட்டினர். அவர்தம் பெயரைத் தாங்கிய சாஃபி கல்லூரி இன்றும் அம்மாநிலத்தில் நடைபெறுகின்றது.

அவுஸ்திரேலியா அழைத்தது

அக்காலத்தில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாக் குடியேற்றநாடு தொடர்ச்சியான வரட்சியால் வாடியது. நீர்ப்பாசன முறைகளை ஆராயும் பொருட்டு, அல்பிரட் டீக்கின் என்ற இளம் மந்திரி 1885இற் கலிபோர்ணியாவுக்குச் சென்றார். இவர் வில்லியம் பிறந்த அதே 1856ஆம் ஆண்டிற் பிறந்தவர். பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவின் பிரதம மந்திரியாக விளங்கியவர். ஒன்ராறியோவின் பசுந்தோட்டங்களைக் கண்ட டீக்கின், அவற்றை ஆக்கியோரையும் கண்டு உரையாடினார். மரே என்ற பேராறு தம் நாட்டில் வீணே கடலிற் கலப்பதை அவர் எடுத்துக்கூறக் கேட்ட ஜோர்ஜ் உள்ளம் கிளர்ந்தார்.

1886ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் மெல்போண் நகரையடைந்தார். ஆற்றங்கரையைச் சுற்றிப் பார்த்து, மில்டூரா என்ற ஆட்டுப்பண்ணையைத் தேர்ந்தெடுத்தார். கலிபோர்ணியாவிலுள்ள உடைமைகளை விற்றுவிட்டு வருமாறு தம்பிக்கு அறிவித்தார். செழித்து வளர்ந்துகொண்டிருந்த ஒரு குடியேற்றத்தை விட்டு, கண்ணாற் காணாத நிலத்தை நம்பிப் புறப்படுவது எளிதோ? வில்லியம் தமையன் சொல்லைத் தட்டாது உடைமைகளை விற்றுப் புறப்பட்டார்.

ஆயின், விக்டோரியாப் பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. அந்நியருக்கு இத்துணை நிலத்தைக் கையளிப்பதா என்று பலர் வெகுண்டனர். கேள்விப் பத்திரம் கோரியே நிலத்தை வழங்கவேண்டும் என்று முடிவாயிற்று. இதற்கிடையே அண்டை நாடான தென் அவுஸ்திரேலியா சாஃபி சகோதரரை அழைத்து, 1887ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் றென்மார்க் என்னுமிடத்தில் 250,000 ஏக்கர் நிலத்துக்கு உடன்படிக்கை செய்தது. விக்டோரியாவில் வேறெவரும் கேள்விப் பத்திரம் கொடுக்க முன்வரவில்லை. எனவே, அவ்வாண்டு மே மாதம் 31ஆம் நாள் மில்டூராவிலும் 250,000 ஏக்கருக்கு உடன்படிக்கை நிறைவேறியது. இருபது ஆண்டுகளில் 300,000 பவுண் செலவிட்டு நிலத்தைத் திருத்துவதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். றென்மார்க்கின் மேற்பார்வையை மற்றொரு தம்பியான சாள்ஸ் ஏற்றார். மில்டூரா வில்லியத்தின் பொறுப்பாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அந்நிலம் ஆளில்லாப் பாழ்நிலமன்று. லட்ஜி லட்ஜி முதலான பழங்குடி மக்கள் எண்ணிறந்த தலைமுறைகளாக அவ்வாற்றங்கரையில் வாழ்ந்தவர்கள். 1840ஆம் ஆண்டுகளில் ஆட்டுப்பண்ணையாளர் வந்தபோதே அவர்தம் வாழ்வு குலைந்தது. உடன்படிக்கை எழுதியோர் எவரும் அம்மக்களை ஒரு பொருட்டாக எண்ணிக் கேட்டாரல்லர். சாஃபியின் பெருமையை உரைக்கும்போது இக்குறையையும் உடன் வைத்து எண்ணுவதே வரலாற்றறிவாகும்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

மில்டூராவில் வேலை விரைந்து நடந்தது. அகன்ற தெருக்கள் அளந்து வகுக்கப்பட்டன. அமெரிக்க வழக்கப்படி அவற்றுக்கு எண்களே பெயராயின. நடுவீதிக்கு டீக்கின் பெயர் சூட்டப்பட்டது. ஆற்றிலிருந்து நீரை மேட்டுக்கு ஏற்றுவதற்கு ஜோர்ஜ் தாமே பேரியந்திரங்களை வரைந்தமைத்தார். கப்பலை இயக்கும் முறையிலமைந்த நீராவி இயந்திரத்தை நீர் இறைக்கும் பொறிகளோடு பிணைத்த அவ்வமைப்பு அக்காலத்திற் புதுமையானது. இங்கிலாந்திலுள்ள ராங்கி என்ற தொழிலகத்தார் அவற்றைச் செய்துகொடுத்தனர். 1891இற் சைக்கி வளைவு என்னுமிடத்தில் நிறுவப்பட்ட இயந்திரம் 1959 வரை உழைத்ததென்றால், அதன் திறத்தை வேறெவ்வாறு புகழ்வது?

செந்நிற அட்டையுடைய அழகிய நூலொன்று இங்கிலாந்தெங்கும் பரப்பப்பட்டது. அதிற் கண்ட படங்களில் மயங்கி, மண்வெட்டி பிடித்தறியாத எழுதுவினைஞரும், இளைப்பாறிய படையலுவலரும், செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் கப்பலேறி வந்தனர். சில ஆண்டுகளுள் ஊரின் மக்கட்டொகை 3,000 வரை உயர்ந்தது.

ஆனால், மரம் நட்டவுடன் பழம் தருவதில்லை. கொடியும் மரமும் பலன்தரச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை வாழ்வதற்குக் கைப்பொருள் வேண்டும். பழம் கனிந்தபோதோ அதனைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. மில்டூராவுக்குப் புகையிரதப் பாதை இல்லை. நீராவிப் படகே துணை. பழம் பறிக்கும் காலமும் ஆற்றில் நீர் குன்றும் காலமும் ஒன்றாக அமைந்தமையால், படகுகள் மணலிற் பொறுத்து நின்றன. பெட்டியிலேயே பழம் அழுகியது. வாய்க்கால்கள் மண்ணால் ஆனவை. அவற்றினூடு நீர் கசிந்தோடியது. யாபி எனப்படும் நன்னீர் இறால்கள் கரைகளைத் துளைத்து உடைத்தன. வடிகால் இன்றி நீர் பாய்ச்சியமையால் நிலத்தடி உப்பு மேலெழுந்து சில தோட்டங்களைக் கெடுத்தது.

இந்நிலையில் 1893இல் அவுஸ்திரேலிய வங்கிகள் பல கதவடைத்தன. நிலம் வாங்குவார் இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. நீர்க் கழகத்தின் பங்குகளைக் குடியேறினோர் பெற்றிருந்தனர் எனினும், பழுதுற்ற வாய்க்கால்களைத் திருத்தப் பணம் எவரிடமும் இருக்கவில்லை. கலிபோர்ணியாவில் நன்மை பயந்த முறை ஈண்டுச் சுமையாய் முடிந்தது. நீரின் உடைமையாளர் என்ற பெயர் மட்டும் இருந்து, நீர் வராதிருந்தால் அவ்வுடைமையால் யாது பயன்? 1895ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திற் சாஃபி சகோதரர் கம்பனி முறிவடைந்தது. 1896இல் அரச ஆணைக்குழுவொன்று கூடி விசாரித்து, சகோதரர் மீது கடுங் குறைகளைச் சுமத்தியது. நீர் வழங்கும் பொறுப்பு, அரசாங்கக் கடனுதவியோடு, குடியேறினோரின் நீர்ப்பாசன நம்பிக்கைச் சபையிடம் சென்றது.

சென்றவரும் நின்றவரும்

1897இல் ஜோர்ஜ் அவுஸ்திரேலியாவை விட்டு நீங்கினார். அமெரிக்கா திரும்பிய அவர் கொலறாடோ ஆற்று நீரைப் பாலைக்குக் கொணரும் பணியில் இறங்கி, அப்பள்ளத்தாக்குக்கு இம்பீரியல் என்று பெயரிட்டு மீண்டும் புகழ்பெற்றார்; 1932இற் காலமானார். அவரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. பேரியந்திரங்களின் அறிவு ஓரிடத்தில் அடங்கியிருப்பதன்று.

வில்லியம் போகவில்லை. அவருக்கு அப்போது வயது நாற்பதளவினது. கைப்பொருள் போயிற்று, பெயர் கெட்டது. தம் சொல்லை நம்பிக் கடல்கடந்து வந்து, உள்ளதெல்லாம் இழந்தவர்களின் நடுவே அவர் வாழவேண்டியிருந்தது. தெருவில் இறங்கினால் அவர்தம் முகத்தில் விழிக்கவேண்டும். ஊரைவிட்டுப் போதல் எளிது, எவரும் தடுத்திரார். ஆயினும், அவர் தம்மிடம் எஞ்சிய நிலத்தில், ஏனைய கமக்காரருள் ஒரு கமக்காரராக இறங்கி உழைத்தார். அவர்கள் பட்ட நட்டத்தைத் தாமும் பட்டார். கொடி கத்தரித்தார், பழம் உலர்த்தினார். முந்திரிகைச் சாற்றிலிருந்து மது வடிக்கும் தொழிலகத்தையும் நடத்தினார். முன்னாளில் முதலாளியாக நின்றவர், அந்நாளில் அயலவராக ஆனார். இம்மாற்றமே அவர் வாழ்வின் திருப்புமுனை என்பது எமது துணிபு. மேலிருந்து வழிகாட்டிய காலத்தில் மக்கள் அவரை ஐயுற்றனர். அருகிருந்து உழைத்த காலத்தில் அவரை நம்பினர்.

ஐக்கியத்தின் வலிமை

துன்பத்தினூடே மில்டூரா மக்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். பசும்பழம் தொலைவைத் தாங்காது. உலர்ந்த பழம் தாங்கும். ஊருக்குப் பாதை இல்லை என்ற குறையைச் சூரியனே தீர்த்துவைக்கக்கூடும்! எனவே, தோடையும் பிறவும் நட்டவர்கள் பலர் சுல்தானா, கொறிந்து, மஸ்கற் முதலிய முந்திரிகை வகைகளின் பக்கம் திரும்பினர்.

உலர்த்தும் முறையும் படிப்படியே திருந்தியது. முற்காலத்திற் கலிபோர்ணிய வழக்கப்படி தட்டுக்களிற் பரப்பித் தரையில் வைத்தனர். அறுவடைக் காலத்து மழை அதற்குப் பகையாயிற்று. பின்னர், கம்பிவலைகளை அடுக்கடுக்காகக் கட்டி, மேலே கூரை வேய்ந்த உலர்த்துமேடைகளை அமைத்தனர். பழத்தின் தோலில் மெழுகு போன்ற படலம் உண்டு; அது ஈரத்தை வெளிவிடாது. அப்படலத்தை நெகிழ்விக்கக் காரநீரிற் பழத்தைத் தோய்த்தெடுப்பர். காலப்போக்கில் ஒலிவ எண்ணெயும் பொற்றாசுக் காரமும் கலந்த குளிர்நீரிலே தோய்க்கும் கிரேக்க வழக்கத்தையும் கைக்கொண்டனர். இதனாற் சுல்தானா பொன்னிறம் பெற்றது.

உலர்ந்த பழம் பெட்டிகளில் நிரம்பிப் பொதிகூடத்தைச் சேரும். அங்கே காம்பு நீக்கி, தூசு போக்கி, நிறத்தாலும் பருமனாலும் தரம் பிரித்து, தரத்துக்கேற்ப மகுடங்களின் எண்ணிக்கையாற் குறியிட்டு, 56 இறாத்தல் கொண்ட பெட்டிகளில் அடைப்பர். பொதிகூடம் ஒருவனுடையதாயிருந்தால், தரத்தைத் தீர்மானிப்பவனும் அவனே. பணம் கொடுப்பவனும் அவனே. கமக்காரன் வாய்திறத்தற்கு இடமில்லை. ஆதலால், கமக்காரரே பங்காளராய்ச் சேர்ந்து கூட்டுறவுப் பொதிகூடங்களை அமைக்கலாயினர். மில்டூராவின் கூட்டுறவுப் பழக் கம்பனியும், ஆற்றின் தென் அவுஸ்திரேலியப் பகுதியில் றென்மார்க், பெரி என்ற ஊர்களில் எழுந்த கூட்டுறவு நிலையங்களும் இவ்வகையின.

பொதிகூடம் மட்டும் போதுமா? ஊருக்கு ஊர், கூடத்துக்குக் கூடம் போட்டியிட்டு விற்றால், மெல்போண் நகர வணிகன் ஒருவரோடொருவரை மோதவிட்டு விலையைத் தாழ்த்துவான். அவுஸ்திரேலிய மக்கள் உண்ணும் அளவுக்கு மேல் விளைந்த பழத்தை இலண்டன் சந்தைக்கு அனுப்பவேண்டும். அங்கே கிரேக்க, துருக்கிப் பழங்களோடு போட்டியிடுதலின் விலை குறைவு. உள்நாட்டு நல்விலையை எல்லாரும் விரும்புவர். ஏற்றுமதி நட்டத்தை ஒருவரும் விரும்பார். விளைவிப்போர் அனைவரும் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டாலன்றி இதற்குத் தீர்வில்லை.

இதனை உணர்ந்து மில்டூராவிலும் றென்மார்க்கிலும் தனித்தனியே இயங்கிய கமக்காரர் அமைப்புக்கள் ஒன்றிணைந்து, 1907இல் அவுஸ்திரேலிய உலர்பழச் சங்கம் உருவாயிற்று. அதன் தலைமைப் பொறுப்பை வில்லியம் சாஃபியிடம் ஒப்படைத்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எவர் பெயரைக் கேட்டாற் சினந்தனரோ, அவரையே தலைவராக்கினர்! இதனினும் சிறந்த நற்சான்று ஒருவருக்கு வேண்டுமோ?

சங்கத்தின் வழிமுறை எளியது. உள்நாட்டில் விற்கும் விலையைச் சங்கம் நிச்சயிக்கும். ஆண்டுதோறும் விளைவில் எத்தனை பங்கு வெளிநாடு செல்லவேண்டும் என்பதையும் வகுக்கும். ஒவ்வொரு பொதிகூடமும் அதே விகிதத்தில் ஏற்றுமதி செய்யவேண்டும். இவ்வாறு நல்விலையின் இலாபத்தையும் தாழ்விலையின் நட்டத்தையும் சிறியோரும் பெரியோரும் ஒத்த அளவிற் பங்கிட்டுக்கொண்டனர். ஒன்ராறியோவில் நீரைப் பங்கிட்டவர், மில்டூராவிலே சந்தையைப் பங்கிடக் கற்றுக்கொடுத்தார் எனலாம். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பங்குமுறையை வகுத்தவர் நிலத்தை விற்ற முதலாளி. இங்கே வகுத்தவர் பழம் விளைவித்த கமக்காரர். தாமே ஆக்கிய ஒழுங்கைத் தாமே காத்தனர். ஆதலின் அது நிலைத்தது.

வளர்ச்சியும் சோதனையும்

1903இற் புகையிரதம் மில்டூராவை வந்தடைந்தமை பெருந்துணையாயிற்று. மேர்பின் முதலிய புதுக் குடியேற்றங்கள் எழுந்தன. முதலாம் உலகப்போர் முடிந்தபின், போரிலிருந்து மீண்ட வீரருக்கென றெட் கிளிவ்ஸ் என்னுமிடத்திற் சுமார் 700 தோட்டங்கள் வகுக்கப்பட்டன. பழத்தின் அளவு பன்மடங்கு பெருகுவதைக் கண்ட சங்கம், மக்களை மேலும் உண்ணச் செய்தற்கு விளம்பரமே வழியென்று துணிந்தது.

அப்பணியை ஏற்றவர் கிளெமென்ற் டீ காரிஸ் என்ற இளைஞர். தந்தையாரின் பொதிகூடத்திற் பயின்றவர், அடங்காத ஊக்கமுடையவர். 1919இற் சூரியனால் வளர்ந்தவை என்று பொருள்படும் புதுப் பெயரொன்றைப் பழங்களுக்குச் சூட்டி, நாடெங்கும் சுவரொட்டிகளையும் போட்டிகளையும் பரப்பினார். அக்காலத்திற் பரவிய கொடிய காய்ச்சலையுங்கூட விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார். அப்பெயரினின்றே சன்றேசியா என்ற பெயர் பிறந்து, அப்பிரதேசம் முழுவதற்கும் ஆகி இன்றளவும் வழங்குகின்றது. 1920இல் அதே பெயரில் நாளிதழ் ஒன்றையும் அவர் தொடக்கினார். ஆயினும், மேற்கு அவுஸ்திரேலியாவில் அவர் தொடக்கிய பெருங் குடியேற்றத் திட்டம் முறிந்தது. கடனிலும் வழக்கிலும் அகப்பட்டு, 1926ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஊக்கம் நன்று, ஆயின், வீழ்ந்தபின் தாங்கிக்கொள்ளும் அயலும் ஐக்கியமும் இல்லாத இடத்தில் ஊக்கம் மட்டும் ஒருவனைக் காப்பதில்லை.

1920ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் உலகச் சந்தையில் விலை சரிந்தது. புதிதாகக் குடியேறிய போர்வீரர் பெருந்துன்பமுற்றனர். சங்கத்தில் தாமாக விரும்பிச் சேர்வோரின் கட்டுப்பாடு மட்டும் போதாதென்று கருதி, அரசாங்கங்கள் 1924 முதற் சட்டத்தால் ஆன சபைகளை அமைத்தன. இதனை எல்லாரும் ஏற்றாரல்லர். பெரி என்ற ஊரின் பொதிகூட உடைமையாளரான ஜேம்ஸ் என்பார், மாநிலங்களிடையே தம் பழத்தைத் தடையின்றி விற்கும் உரிமை தமக்குண்டென்று வழக்காடினார். அவ்வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று, 1936இல் அவர் பக்கமே முடிவாயிற்று. உள்நாட்டு மக்கள் கூடிய விலை கொடுக்க, இலண்டன் மக்கள் குறைந்த விலையில் உண்பதா என்று சங்கத்தைக் குறைகூறினோரும் உளர். அக்குறையில் நியாயம் இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஐக்கியத்துக்கும் தனியுரிமைக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே என்பது எக்காலத்தும் எந்நாட்டிலும் எழும் வினா. சட்டத்தாற் கட்டிய கட்டு அவிழ்ந்தபோதும், விரும்பிக் கட்டிய கட்டு அவிழவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. சங்கம் அவ்வழக்குக்குப் பின்னரும் நிலைபெற்று, இன்று அவுஸ்திரேலிய உலர்பழ அமைப்பாகத் தொடர்கின்றது.

இறுதிக் காலம்

மில்டூரா மக்கள் வில்லியம் சாஃபிக்குச் சிறப்புப் பல செய்தனர். 1920இல் ஊருக்கு நகரசபை கிடைத்தபோது முதல் நகரபிதாவாக அவரையே தெரிந்தெடுத்தனர். ஆற்றை நோக்கி அவர் கட்டிய றியோ விஸ்ரா என்ற மாளிகையிலே, செல்வம் இருந்த காலத்தும் இழந்த காலத்தும் வாழ்ந்து, 1926ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் நாள் தம் 69ஆம் வயதிற் காலமானார். 1929இல், டீக்கின் பெயர் தாங்கிய பெருவீதியிலே அவருக்குச் சிலை எடுத்தனர். அவர் வாழ்ந்த மாளிகை 1950ஆம் ஆண்டுகளில் ஊர்மக்களின் கலைக்கூடமாக மாறியது.

இங்கே ஒரு நயம் காணத்தக்கது. தமையனார் ஜோர்ஜின் வாழ்க்கை வரலாறு 1928இலேயே நூலாக வெளிவந்தது. உலகறிந்த பொறியியல் மேதை அவர். ஆயினும், மில்டூரா நடுவீதியில் நிற்பது தம்பியின் உருவம். நூல் மேதைமைக்கு, சிலை உடனுறைவுக்கு.

காலம் பல மாறுதல்களைக் கொணர்ந்துள்ளது. உலர்த்துமேடைகள் இருந்த தோட்டங்கள் சிலவற்றில் இன்று பசும்பழமாக ஏற்றுமதியாகும் முந்திரிகை விளைகின்றது. ஆற்றுநீரின் பங்கீடும் நிலத்தின் உப்பும் அந்நாட்டினர்க்கு இன்றும் தீராக் கவலைகளே. சாஃபி சகோதரர் விட்டுச்சென்ற சிக்கல்கள் அவர்கள் விட்டுச்சென்ற வளத்தோடு சேர்ந்தே வளர்ந்தன. எனினும், அவுஸ்திரேலியாவின் உலர்ந்த முந்திரிகையிற் பெரும்பகுதி இன்றும் அப்பிரதேசத்திலேயே விளைகின்றது.

நாம் பெறும் படிப்பினை

இவ்வரலாற்றை நம் மாணவருக்கு எடுத்துரைப்பதன் நோக்கம் ஒன்றுண்டு. வள்ளுவனார் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நீரே வாழ்வின் முதல் என்பதை நம்மவர் எக்காலத்தும் அறிவர். ஆயின், நீர் மட்டும் ஓர் ஊரை ஆக்குவதில்லை என்பதை மில்டூரா காட்டுகின்றது. பேராறு இருந்தது, பேரியந்திரம் இருந்தது, பெருமுதல் இருந்தது. அத்தனையும் இருந்தும் குடியேற்றம் வீழ்ந்தது. பின் எழுப்பியது எது? தோல்வியை ஒப்புக்கொண்டு உடனிருந்த ஒருவரின் உறுதியும், இலாபத்தைப் போலவே நட்டத்தையும் பங்கிட இசைந்த பலரின் ஒற்றுமையுமே.

கல்வி கற்று உயர்ந்தோர் பலர் ஜோர்ஜைப் போலத் தொலைவிற் சென்று பேர்பெறுவர். அது தக்கதே, அவராலும் நாடு பெருமையுறும். ஆயினும், ஒவ்வோர் ஊருக்கும், ஒவ்வொரு சங்கத்துக்கும், ஒவ்வொரு கல்லூரிக்கும் வில்லியம் போன்ற ஒருவராவது வேண்டும். கணக்குக் குறைந்த ஆண்டிலும், கூட்டத்துக்கு ஆள் வராத காலத்திலும், பழிச்சொல் எழுந்த வேளையிலும் இடம் விட்டுப் பெயராது நிற்பவர் அவர். அத்தகையோரை நம் கல்லூரி மேன்மேலும் ஈன்று தருமாக.